மரத்தக்காளியும் கேப் கூஸ்பெரியும்: மலைநாட்டுக் கமக்காரருக்கு ஓர் ஒப்பீடு

மலைநாட்டில் வீட்டு வேலியோரங்களிலே மரத்தக்காளி ஒன்றிரண்டு நிற்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். கேப் கூஸ்பெரி என்னும் சிறு செடியும் சில இடங்களிற் பாதையோரத்திலும் தோட்ட எல்லைகளிலும் தானாகவே முளைத்துக் காய்க்கின்றது. இவற்றின் பழங்களை நகரங்களில் விரும்பி வாங்குவோர் உளர். ஆகவே, இவற்றை விற்பனைக்காகச் செய்கை பண்ணலாமா, பண்ணுவதாயின் எதனைத் தெரிந்தெடுப்பது என்னும் கேள்வி எழுவது இயல்பே. இக்கேள்விக்கு விடை கூறுவதும், உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் ஆகியவற்றைச் செய்கை பண்ணுவோர் இப்பழப்பயிர்களை நடுமுன் அறிந்திருக்கவேண்டிய ஓர் ஆபத்தை எடுத்துக்காட்டுவதும் இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஒரே குடும்பத்துப் பயிர்கள்

மரத்தக்காளியும் கேப் கூஸ்பெரியும் தாவரவியலார் சொலனேசியே என்றழைக்கும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய், புகையிலை, மணத்தக்காளி என்பனவும், நச்சுத்தன்மை மிக்க ஊமத்தையும் இக்குடும்பத்தினவே. தோற்றத்தில் இவை வேறுபட்டிருப்பினும், இவற்றைத் தாக்கும் நோய்களும் பூச்சிகளும் பெரும்பாலும் பொதுவானவை. இவ்வுறவை மறந்து நடுபவர் பின்னர் நட்டமடைய நேரிடும். இதனைப் பின்னர் விரிவாகக் கூறுவோம்.

மரத்தக்காளியின் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பிரதேசமாகும். பொலிவியாவிலும் ஆர்ஜென்டினாவின் வடமேற்குப் பகுதியிலும் இது இன்றும் காட்டு மரமாக வளர்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது கீழைத்தேயங்களின் மலைப்பகுதிகளுக்குப் பரவியது. இந்தியாவிலிருந்து 1891ஆம் ஆண்டிற் கொண்டுசெல்லப்பட்ட விதைகளிலிருந்தே நியூசீலாந்தில் இதன் செய்கை தொடங்கியது. அங்குள்ள செய்கையாளர், சாதாரணத் தக்காளியோடு இதனைக் குழப்பிக்கொள்ளாதிருக்கும் பொருட்டு, 1967ஆம் ஆண்டில் ‘தமரில்லோ’ என்னும் புதுப்பெயரை வழங்கினர். இன்று உலகச் சந்தையில் இப்பெயரே பெரிதும் வழங்குகின்றது.

கேப் கூஸ்பெரியும் அந்தீஸ் மலைப்பிரதேசத்துக்கே உரியது. ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது செய்கை பண்ணப்பட்டு, அங்கிருந்து பிற நாடுகளுக்குச் சென்றமையால் அம்முனையின் ஆங்கிலப் பெயரையே தன் பெயராகக் கொண்டது. கூஸ்பெரி என்னும் சொல்லைக் கொண்டு இதனை நெல்லியோடு தொடர்புடையதெனக் கருதலாகாது. நம் கமங்களிற் களையாக வளரும் சொடக்குத் தக்காளியே இதன் நெருங்கிய உறவு. சிறுவர் நெற்றியில் அடித்துச் சொடுக்கி விளையாடும் அக்காயைப் போன்றே இதன் பழமும் காகிதம் போன்ற ஓர் உறைக்குள் இருக்கின்றது. பூவின் புல்லிவட்டம் பருத்து வளர்ந்து பழத்தை மூடுவதனால் இவ்வுறை உண்டாகின்றது. இன்று கொலம்பியா நாடே இப்பழத்தைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கின்றது.

செடியின் இயல்பு

மரத்தக்காளி 10 முதல் 18 அடிவரை உயரும் சிறு மரமாகும். இதயவடிவான பெரிய இலைகளும், மணமுள்ள இளஞ்சிவப்புப் பூக்களும், நீண்ட காம்பில் தொங்கும் முட்டைவடிவான பழங்களும் உடையது. பழம் 2 முதல் 4 அங்குல நீளமானது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் நிற வகைகள் உண்டு. சிவப்பு வகை புளிப்பு மிகுந்தது. மஞ்சள் வகை சற்று இனியது. நட்ட ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகளுள் காய்க்கத் தொடங்கும். நல்ல பராமரிப்பு இருப்பின் பத்து ஆண்டுகளுக்கு மேலும் நின்று பயன் தரும்.

கேப் கூஸ்பெரி சாதாரணமாக 3 அடி உயரம் வளர்ந்து படரும் செடியாகும். தாங்கு கம்பு நட்டுக் கட்டினால் இன்னும் உயரும். இலைகள் மென்மயிர் கொண்டவை. பூக்கள் மஞ்சள் நிறமானவை. நடுவிற் கரும்புள்ளிகள் உண்டு. பழம் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம்வரை குறுக்களவுள்ளது, பொன்னிறமானது, இனிப்பும் புளிப்பும் கலந்தது. பூத்தபின் பழம் முற்றுவதற்கு 70 முதல் 80 நாட்கள் வேண்டும். ஆகவே, நாற்று நட்ட நான்கைந்து மாதங்களில் முதற் பலனைப் பெறலாம். செடி ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழும். ஆயினும், முதலாண்டின் விளைச்சலே சிறந்தது.

எனவே, ஒன்று நீண்டகால முதலீடு. மற்றது ஒரு போகப் பயிருக்கு ஒப்பானது. கையிற் பணமின்றி அடுத்த போகத்தின் வருவாயை நம்பியிருக்கும் கமக்காரர், இரண்டு ஆண்டுகள் வருவாயின்றி நிற்கும் மரத்துக்குத் தமது நல்ல நிலம் முழுவதையும் ஒதுக்குதல் தகாது.

ஏற்ற காலநிலை

இரண்டு பயிர்களும் குளிர்ந்த மலைநாட்டுக்கே உரியவை. ஏறக்குறைய 3,000 அடிக்கு மேற்பட்ட இடங்கள் இவற்றுக்கு உகந்தவை. நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை முதலிய பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கூறலாம். மரத்தக்காளி காய்ப்பதற்கு இரவுக் குளிர் இன்றியமையாதது. வெப்பமான தாழ்நாட்டில் அது இலை தழைத்து வளரினும் காய்ப்பது அரிது. வட இந்தியாவின் சமவெளிகளிற் கேப் கூஸ்பெரி செய்கை பண்ணப்படுகின்றதே எனச் சிலர் கேட்கலாம். அங்கு மாரிகாலத்திற் கடுங்குளிர் நிலவுகின்றது. எமது வடக்கு, கிழக்குப் பகுதிகளில் அத்தகைய குளிர் இல்லை. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்புப் பகுதிக் கமக்காரர் இப்பயிர்களுக்குப் பணம் செலவிடாதிருத்தல் நன்று.

குளிரை விரும்பினும், உறைபனியை இவ்விரண்டும் தாங்கமாட்டா. நுவரெலியாவின் பள்ளத்தாக்குகளில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் அதிகாலையில் உறைபனி படிவதுண்டு. குளிர்ந்த காற்று பாரமானதாகையால் பள்ளத்திலேயே தங்கும். ஆகையால், பள்ளத்தின் அடிப்பகுதியை விடுத்துச் சாய்வின் நடுப்பகுதியில் நடுதல் பாதுகாப்பானது.

மண், நீர், காற்று

நிலத்தை நோக்குமிடத்து, இவ்விரண்டு பயிர்களும் தெளிவாக வேறுபடுகின்றன.

மரத்தக்காளியின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. கிளைகளோ எளிதில் முறியக்கூடியவை. அதனால் அதற்கு இரண்டு பகைகள் உண்டு. முதலாவது தேங்கும் நீர். ஓரிரண்டு நாட்கள் வேரடியில் நீர் தேங்கினாலே மரம் இறந்துவிடக்கூடும். இரண்டாவது காற்று. ஊவாப் பகுதியில் வீசும் கச்சான் காற்றுக்கு எதிரே தடையின்றி நட்ட மரம், காய்ப் பாரத்தோடு கிளை முறியும். சிலவேளை வேரோடு சாயும். காற்றுத் தடுப்பு வேலியுள்ள, நல்ல வடிகாலுடைய, சேதனப் பொருள் மிக்க நிலமே அதற்கு ஏற்றது. வேர் ஆழஞ் செல்லாமையால் நீண்ட வறட்சியையும் அது தாங்காது.

கேப் கூஸ்பெரி வளங்குன்றிய மணற்பாங்கான மண்ணிலும் காய்க்கும். உண்மையில், மிகுந்த வளமுள்ள மண்ணிலும், பசளை அளவுக்கு மிஞ்சிய இடத்திலும் அது இலையும் கிளையுமாகத் தழைத்துக் காய் குறைந்துவிடும். ஆயினும், நீர் தேங்குவதை இதுவும் பொறுக்காது. பழம் முற்றும் காலத்தில் ஓயாத மழை பெய்தாற் பழம் பழுதடையும்.

இதிலிருந்து வயற் கமக்காரர் அறியவேண்டியது ஒன்றுண்டு. நெல் விளையும் வயல் இப்பழப்பயிர்களுக்கு உரிய இடமன்று. மரத்தக்காளி அங்கே மாரியில் அழுகிவிடும். கேப் கூஸ்பெரியைச் சிறுபோகத்தில் நடலாமெனினும், பெரும்போக நெல்லுக்கு நிலத்தை ஒப்படைக்கும் காலத்திற்றான் அது நன்கு காய்த்துக்கொண்டிருக்கும். வீட்டைச் சூழ்ந்த மேட்டு நிலமும் சாய்வான தோட்டமுமே இவற்றுக்குத் தக்கவை.

நாற்றும் நடுகையும்

கேப் கூஸ்பெரி விதை மிக நுண்ணியது. நன்கு பழுத்த பழங்களை நசுக்கி, நீரிற் கழுவி, விதைகளை நிழலில் உலர்த்துக. உலர்ந்த விதையை மெல்லிய மணலுடன் கலந்து உயர்த்தப்பட்ட நாற்றுமேடையில் தூவுக. நாற்று 6 முதல் 8 அங்குலம் வளர்ந்ததும், வரிசைக்கு வரிசை 4 அடியும், செடிக்குச் செடி 3 அடியும் இடைவெளி விட்டு நடுக. நாற்றுகளை வெட்டுப்புழு அடியோடு அறுத்துவிடுவதுண்டு. காலையில் நாற்றடியைக் கிளறி அப்புழுக்களைத் தேடி அழித்தல் வேண்டும்.

மரத்தக்காளியை விதையாலும் வெட்டுத்துண்டாலும் பெருக்கலாம். இங்கும் நிலத்தை நோக்கியே முறையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். விதைக்கன்று நிமிர்ந்து உயர்ந்து மேலே கிளைவிடும். காற்று மறைவான இடத்துக்கு அது ஏற்றது. வெட்டுத்துண்டிலிருந்து வளரும் மரம் குட்டையாகவும் தாழ்ந்த கிளைகளுடனும் பற்றைபோல் வளரும். காற்றுப்படும் இடத்துக்கு அதுவே நன்று. ஆனால், நோயுற்ற மரத்திலிருந்து எடுத்த வெட்டுத்துண்டு வைரசு நோயையும் உடன் கொண்டுவரும். இலையிற் பலநிறப் புள்ளிகளோ நெளிவோ காணப்படும் மரத்திலிருந்து துண்டு எடுத்தலாகாது. மரங்களுக்கிடையே 8 முதல் 10 அடி இடைவெளி விடுக.

பராமரிப்பு

மரத்தக்காளியின் அடியை மண்வெட்டியால் ஆழமாகக் கொத்துதல் பெருந்தவறு. வேர்கள் அறுபட்டு மரம் நலிவடையும். களைகளைக் கையாற் பிடுங்கி, வைக்கோல் அல்லது காய்ந்த புல்லால் அடியை மூடுக. மூடும்போது அது தண்டைத் தொடாதிருத்தல் வேண்டும். விதைக்கன்று 3 அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டாற் பக்கக்கிளைகள் தோன்றும். காய்கள் புதிய தளிர்களிலேயே உண்டாகையால், ஆண்டுதோறும் காய்த்து முடிந்த கிளைகளைக் கவ்வாத்துப் பண்ணுதல் அவசியம். இவ்வாறு செய்யாவிடின், காய்கள் ஆண்டுக்காண்டு மரத்தின் நுனிக்கே விலகிச் செல்லும். கிளைகளும் பாரத்தால் முறியும்.

கேப் கூஸ்பெரிக்கு இத்தகைய கவனம் வேண்டியதில்லை. நடும்போது சிறிதளவு மக்கிய கூட்டெரு இட்டு, பூக்கும் காலத்தில் மண் முற்றாக உலராதவாறு நீர் விடுதல் போதுமானது. படரும் கிளைகளுக்குத் தாங்கு கம்பு நடுவதால் பழங்கள் ஈரமண்ணிற் படாது காக்கப்படும்.

அறுவடை

மரத்தக்காளி முழுநிறம் அடைந்து சற்று மென்மையானதும் காம்புடன் பறித்தல் வேண்டும். காம்பு நீங்கிய பழம் விரைவில் அழுகும். எல்லாக் காய்களும் ஒருங்கே பழுப்பதில்லை. எனவே, பல தடவைகள் பார்த்துப் பார்த்துப் பறிக்கவேண்டும்.

கேப் கூஸ்பெரி பழுத்ததும் உறையுடன் தானாகவே விழுந்துவிடும். உறை வைக்கோல் நிறமடைந்து உலர்ந்திருப்பதே முற்றியதற்கு அடையாளம். மழையும் பனியும் நீங்கி உறை உலர்ந்திருக்கும் வேளையிற் சேகரிக்குக. ஈரமாக எடுத்துக் குவித்தாற் பூஞ்சணம் பிடிக்கும். உலர்ந்த உறையுடன் காற்றோட்டமுள்ள இடத்தில் பரப்பி வைத்தாற் பழம் பல வாரங்கள் கெடாது. சந்தை தூரத்திலுள்ள கமக்காரருக்கு இது ஒரு பெரும் வாய்ப்பு. ஆனால், சிறு பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதற்கு ஆட்கை மிகுதியாக வேண்டும் என்பதையும் கணக்கிற் கொள்க. விழுந்த பழத்தை நிலத்திற் கிடக்க விடுதல் கூடாது. அதன் காரணத்தை அடுத்துக் கூறுவோம்.

உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு நேரக்கூடிய கேடு

மலைநாட்டுக் கமக்காரருக்கு உருளைக்கிழங்கே பெரும் வருவாய்ப் பயிர். அதன் பெரும் பகையான பற்றீரியா வாடல் நோய், கத்தரிக் குடும்பப் பயிர்கள் பலவற்றைத் தாக்கி மண்ணிலே தங்கியிருப்பது. செடி பசுமையாக இருக்கும்போதே வாடினால், தண்டை அடியில் வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திப் பார்க்குக. வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிறக் கசிவு நூலாக இறங்குமாயின், அது இந்நோயே எனக் கொள்ளலாம்.

இந்நோயைக் கட்டுப்படுத்துவதற்கு மருந்தை நம்புவதிற் பயனில்லை. பயிர்ச் சுழற்சியே முதன்மையான வழி. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நிலத்தில் நடாது, இடையே நெல், சோளம், போஞ்சி, கோவா, கரட், லீக்ஸ் முதலியவற்றைச் செய்கை பண்ணும்போது நோய்க்கிருமி உணவின்றிக் குறைகின்றது. இவ்வாறு ஓய்வு கொடுத்துவரும் நிலத்திற் கேப் கூஸ்பெரியை நடுவோர், புதுப்பயிர் ஒன்றை நட்டோம் என எண்ணுவர். நோய்க்கிருமிக்கோ அது பழைய உணவே. பல ஆண்டுகள் முயன்று பெற்ற தூய்மை ஒரு போகத்தில் அழிந்துவிடக்கூடும்.

அதனினும் கவனிக்கவேண்டியது யாதெனில், விழுந்த பழங்களின் விதைகள் அடுத்த போகத்திற் களையாக முளைத்தலாகும். கரட் பாத்தியின் நடுவே நிற்கும் நாலைந்து கேப் கூஸ்பெரிச் செடிகள் சுழற்சியின் பயனைக் குறைத்துவிடும். மேலும், உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி, அருகில் நிற்கும் கேப் கூஸ்பெரியையும் தாக்கும். வேர்முடிச்சுப் புழுவும் இக்குடும்பத்தை விரும்பும்.

மரத்தக்காளியோ வேறு வகையிற் கேடு விளைக்கக்கூடும். அது ஆண்டுக்கணக்காக நிற்பதால், வைரசு நோய் பற்றிய மரம் நோயின் நிலையான களஞ்சியமாகிவிடும். அம்மரத்திற் சாறு உறிஞ்சிய அசுவுணி, பக்கத்து உருளைக்கிழங்குப் பாத்திக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் நோயைக் கொண்டுசெல்லும். உருளைக்கிழங்கைக் கருக்கும் பின்வெளிறல் நோயும் இம்மரத்தைத் தாக்கக்கூடியது.

ஆகவே, பின்வரும் விதிகளைக் கைக்கொள்ளுக:

1. விதைக்கிழங்கு உற்பத்தி செய்யும் நிலத்தின் அருகில் இவ்விரண்டையும் நடாதீர்கள்.

2. வாடல் நோய் கண்ட நிலத்திலும், அந்நிலத்து நீர் வடிந்து செல்லும் தாழ்ந்த பாத்தியிலும் இவற்றை நடாதீர்கள்.

3. பயிர்ச் சுழற்சியிற் கேப் கூஸ்பெரியை உருளைக்கிழங்கின் இடத்திலேயே வைத்து எண்ணுங்கள். உருளைக்கிழங்குக்கு முன்னரோ பின்னரோ அடுத்துவரும் பயிராக அதனை நடாதீர்கள்.

4. விழுந்த பழங்களைப் பொறுக்கி எடுங்கள். தானாக முளைத்த செடிகளைப் பூக்குமுன் பிடுங்குங்கள்.

5. இலை நெளிந்து பலநிறப் புள்ளி கொண்ட மரத்தக்காளியை, காய்க்கின்றதே என்று இரக்கங் கொண்டு விடாது, வெட்டி எரித்துவிடுங்கள்.

6. ஒரு மரத்தைக் கவ்வாத்துப் பண்ணிய கத்தியைத் துடைத்துத் தூய்மை செய்த பின்னரே அடுத்த மரத்திற் பயன்படுத்துங்கள்.

உண்ணும் முறையும் எச்சரிக்கையும்

கத்தரிக் குடும்பத்துச் செடிகளின் பச்சைப் பகுதிகளில் நச்சுப்பொருள்கள் இருப்பதுண்டு. பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கை நாம் உண்ணாது விலக்குவதும் இதனாலேயே. கேப் கூஸ்பெரியின் பச்சைக்காய், உறை, இலை என்பவற்றை உண்ணலாகாது. பொன்னிறமாகப் பழுத்ததை மட்டுமே உண்ணுக. இதனைச் சிறுவருக்குக் கண்டிப்பாக எடுத்துரைத்தல் வேண்டும். உறையுடைய காய்கள் யாவும் கேப் கூஸ்பெரி அல்ல என்பதையும் அவர்களுக்கு உணர்த்துக.

மரத்தக்காளியும் முற்றப் பழுத்த பின்னரே உண்ணத் தக்கது. அதன் தோல் கசப்பானது. பழத்தைக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டெடுத்தால் தோல் எளிதில் உரியும். அல்லது இரண்டாக வெட்டிச் சதையைக் கரண்டியால் எடுத்து உண்ணலாம். சிவப்பு வகையின் சாறு துணியிலும் மரப்பலகையிலும் அழியாத கறையை உண்டாக்கும். சட்னிக்கும் கறிக்கும் அது ஏற்றது. கேப் கூஸ்பெரி பச்சையாக உண்பதற்கும் ஜாம் காய்ச்சுவதற்கும் சிறந்தது. இரண்டிலும் பெக்டின் சத்து மிகுந்திருப்பதால் ஜாம் நன்கு இறுகும். விற்றமின் சி இரண்டிலும் உண்டு. கண்பார்வைக்கு வேண்டிய விற்றமின் ஏ-யைத் தரும் மஞ்சள் நிறப்பொருளும் இரண்டிலும் உண்டு.

எதனைத் தெரிந்தெடுப்பது?

காற்று மறைவும் நல்ல வடிகாலும் உள்ள வீட்டுத் தோட்டமுடையோர், நாலைந்து மரத்தக்காளிகளை நட்டுப் பல ஆண்டுகள் பயன் பெறலாம். கச்சான் வீசும் திறந்த சாய்வும், வளங்குன்றிய மண்ணும் உடையோர்க்குக் கேப் கூஸ்பெரியே தக்கது. அதிற் பொறுக்கும் வேலைக்கு வீட்டில் ஆட்கள் இருத்தல் வேண்டும். உருளைக்கிழங்கையே முழுதாக நம்பி வாழ்வோர், அப்பயிரிலிருந்து விலகிய தனி மூலையொன்று இருந்தாலன்றி, இரண்டையும் நடாதிருத்தலே நன்று.

எவரும் முதலாண்டிற் பெருமளவில் தொடங்கலாகாது. சில செடிகளை நட்டு, உமது நிலத்தில் அவை காய்க்கும் விதத்தையும், பழத்தை வாங்குவோர் யாவர் என்பதையும் முதலில் அறிந்துகொள்க. வாடல் கண்டதாக ஐயமிருப்பின், நடுமுன் உமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் நிலத்தைக் காட்டி ஆலோசனை பெறுக. புதுப்பயிரால் வரும் சிறு வருவாய்க்காகப் பழம்பயிர் விளையும் மண்ணை இழந்துவிடாதிருத்தல் அறிவுடைய கமக்காரரின் கடமையாகும்.